ஈரச் சேலைக்கு இந்தப் பக்கம்

மார்ச் 5

"பாப்பாவுக்கு என்னைக்கெல்லாம் இளைப்பு வருதுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைம்மா" என்றார் கரூர் டாக்டர். அதற்காகத்தான் இதைத் தொடங்குகிறேன். காலேஜில் பௌதிகம் படித்த மூன்று வருஷமும் டைரி எழுதியிருக்கிறேன். கல்யாணத்தோடு விட்டுப்போயிற்று. இப்போது பாப்பா நேத்ரா தூங்கிய பிறகுதான் கை ஓய்கிறது.

டாக்டர் கேட்ட கேள்விகளையும் எழுதிவிடுகிறேன்.

"வீட்டுப் பக்கத்துல என்ன இருக்கு?"

"கல் குவாரிங்க சார். கிரஷரும் இருக்குது."

"எவ்வளவு தூரம்?"

"எங்க மாடியில நின்னா டிரில் போடற ஆளோட மூஞ்சி தெரியும்."

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"டிரில் போடறாருங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நெபுலைசர் மிஷின் ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். முகமூடியை வைத்தால் பாப்பா திமிறுகிறாள். நேற்று ஆஸ்பத்திரியில் என் உதட்டைப் பிய்த்துவிட்டாள். எட்டு மாதக் குழந்தைக்கு இத்தனை பலம் இருக்கிறது, மூச்சு விட மட்டும் பலம் இல்லை.

மார்ச் 8

எங்கள் மாடிக்கு ஒரு மிஷின் வந்திருக்கிறது.

கீழ் வீடு என் வீட்டுக்காரர் பூபதியின் அண்ணனுடையது. திருப்பூருக்குப் போனவர்கள் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாடியில் சிமெண்ட் சீட் போட்ட ஒற்றை அறையில் நாங்கள் மூவரும் இருக்கிறோம். அறைக்கு முன்னால் திறந்த மாடி, அதற்கு மேற்கே ரோடு, ரோட்டைத் தாண்டினால் குவாரி. குவாரிக்கு மிக அருகில் இருக்கும் வீடு இதுதான் என்பதால் இங்கே வைக்கிறார்களாம். மேனேஜர் தண்டபாணி சாரே கூட வந்தார். அவரோடு வந்த ஆய்வகப் பையன் பெயர் ஜெரோம். அறை ஜன்னலுக்கு நேர் எதிரே, துணி காயப் போடும் கம்பிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டான். உச்சியில் கூரை வைத்த அலுமினியப் பெட்டி. உள்ளே ஒரு வெள்ளைத் தாள். காற்றை உறிஞ்சி அந்தத் தாள் வழியாக விடும். தூசியெல்லாம் தாளில் தங்கும். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும், மூன்று மாதத்துக்கு அளப்பார்களாம்.

பக்கத்து வீட்டு மயிலக்கா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஏறி வந்துவிட்டார்.

"என்னடி ஜீவிதா இது, பொறாக் கூண்டா?"

"தூசி அளக்கற மிஷின்ங்க்கா. குவாரியைப் பெருசு பண்றதுக்குப் பர்மிஷன் கேட்டிருக்காங்க. அதுக்கு முன்னால ஊர்க் காத்து எப்படி இருக்குதுன்னு பார்க்கோணுமாம்."

"அதுக்கெதுக்கு மிஷினு? என்ற மூக்கைச் சிந்திக் காட்டறேன், பாத்துட்டுப் போகச் சொல்லு."

ஜெரோம் சிரித்துவிட்டான். தண்டபாணி சார் சிரிக்கவில்லை.

பெருசு பண்ணினால் குழி மயிலக்காவின் சோளக்காட்டு வேலிவரைக்கும் வரும். அக்காவின் கிணறு இப்போதே வற்றிப்போய்விட்டது. குழி இருநூறு அடிக்குக் கீழே போனதிலிருந்து சுற்றுவட்டார ஊற்றெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. அதைத்தான் இரவும் பகலும் மோட்டார் வைத்து வெளியே இறைக்கிறார்கள்.

எனக்கு இன்று கொஞ்சம் நிம்மதி. கடைசியில் யாரோ ஒருவர் அளக்கிறார்கள். நான் சொன்னால் 'பெத்தவ பயப்படறா' என்பார்கள். தாள் சொன்னால் அப்படிச் சொல்ல முடியாது.

மார்ச் 12

பகல் ஒரு மணிக்கு, வெடிக்கு முன்னால், சங்கு ஊதினார்கள். பாப்பாவின் காதைப் பொத்திக்கொண்டேன். வெடித்த பிறகு புகை மெதுவாகத்தான் எழும்பும். பிறகு ரோட்டைத் தாண்டி, அவசரமே இல்லாமல், வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி வரும். ஜன்னலைச் சாத்தினாலும் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி.

கம்பியில் காய்ந்துகொண்டிருந்த சேலையை எடுக்கப் போனபோதுதான் தோன்றியது. பாதி ஈரமாக இருந்த சேலையின் மேற்குப் பக்கம் முழுக்கச் சாம்பல் பூசினது போல இருந்தது. இந்தப் பக்கம் சுத்தம்.

என் சேலைகளில் பாலியெஸ்டர்தான் அதிகம், தண்ணீர் நிற்காது. கல்யாணத்துக்கு எடுத்த நான்கு பருத்திச் சேலைகளை எடுத்தேன். மயிலக்கா இரண்டு பழைய சேலை கொடுத்தார். கம்பியில் மேற்கிலும் வடக்கிலும் இரட்டையாகக் கட்டி, தரையைத் தொடும்படி இழுத்து, கல் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மிஷினைத் தொடவே இல்லை. ஜெரோம் தொடக்கூடாதென்று சொல்லியிருக்கிறான்.

மார்ச் 13

இளைப்பு இல்லை.

மார்ச் 16

இளைப்பு இல்லை. முகமூடி இல்லாமல் தூங்கினாள்.

சேலைகளை அலசினால் பக்கெட்டின் அடியில் மாவு மாதிரி படிகிறது. கொட்டினால் காய்ந்து கல்லாகவே ஆகிவிடுகிறது. மலையைப் பொடித்து என் வீட்டில் கொண்டுவந்து மறுபடி மலை கட்டுகிறார்கள்.

மார்ச் 21

தண்ணீருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. தெருக் குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறு சேலை நனைக்க நான்கு குடம் போகிறது. இன்று சாயந்திரம் குவாரி டேங்கர் லாரி வீட்டு முன்னால் நின்றது. கேட்காமலே டிரம்மை நிறைத்துவிட்டுப் போனார்கள். அவருடைய வேலையை மதிக்கிறார்கள் போல. பூபதி வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று தண்டபாணி சாருக்குத் தெரியும். நல்ல மனுஷன்தான், முகம்தான் கடுகடு.

மயிலக்கா டிரம்மில் கைவிட்டு ஒரு வாய் குடித்தார். "என்ற கெணத்துத் தண்ணியேதான்" என்றார். "ருசி மறக்குமா?"

மார்ச் 28

லாரி திங்களும் வியாழனும் வருகிறது. மற்ற நாட்களில் வேறு வழியாகப் போகுமாயிருக்கும்.

ஏப்ரல் 9

அவர் வேலையிலிருந்து வந்தால் கீழேயே நின்று சட்டையை உதறிவிட்டு, குளித்துவிட்டுத்தான் ஏறுவார். கண்ணிமை மட்டும் வெள்ளையாகவே இருக்கும். பாப்பா அதைப் பிடித்து இழுப்பாள்.

இன்று சோறு போடும்போது கேட்டேன்.

"தண்ணி விட்டு டிரில் போட்டாத் தூசியே வராதாமே, ஏன் போடறதில்லை?"

"சேறாயி டிரில் பிட்டு சிக்கிக்கும் ஜீவி. ஒரு நாளைக்கு நூறு அடி எறக்கறவன் அறுவதுதான் எறக்குவான். அடிக் கணக்குலதானே கூலி."

"நீங்க ஒருத்தராச்சும் தண்ணி விட்டுப் போடுங்களேன்."

"நான் ஒருத்தன் போட்டா, பக்கத்துல நிக்கற நாலு பேரு தூசியும் எனக்குத்தான் வரும். கொழம்பு ஊத்து."

இருமல் விடவில்லை. பீடியைக் குறையுங்கள் என்றேன். அவர் பீடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 26

இளைப்பு இல்லை. நெபுலைசர் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். தவழ ஆரம்பித்துவிட்டாள். சேலைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

ஜெரோம் தாளை எடுக்க வந்தான். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள் மாற்ற வேண்டும். "அக்கா, டீ நல்லா இருக்கு" என்றான். தாளைப் பார்க்கட்டுமா என்றேன். தூக்கிக் காட்டினான். லேசாக மங்கலாக இருந்தது, அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?"

"வேற சைட்லல்லாம் கன்னங்கரேல்னு இருக்கும். உங்க வீடு பரவாயில்லக்கா."

சேலைகளைப் பார்த்தான். எதுவோ சொல்ல வந்தான். கீழே தண்டபாணி சாரின் பைக் சத்தம் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மே 31

மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாடி வெறிச்சென்று இருக்கிறது. பாப்பா அது இருந்த இடத்தில் உட்கார்ந்து தரையைத் தட்டுகிறாள்.

லாரி மட்டும் வருகிறது. மழை பெய்யும்வரைக்கும் வரும் என்று அவர் சொன்னார்.

ஜூலை 19

குவாரியைப் பெருசு பண்ணுவது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் இன்று. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ஆடிக் காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. நிறுவனத்தின் சார்பாக ஒருவர் மைக்கில் வாசித்தார். அளந்த எல்லா இடத்திலும் தூசி வரம்புக்குள்தான் இருக்கிறதாம். "குவாரிக்கு மிக அருகில் உள்ள குடியிருப்பின் மாடியில்கூட" என்று அழுத்திச் சொன்னார்.

மயிலக்கா எழுந்துவிட்டார்.

"ஏனுங் சார், காலையில கழுவிக் கவுத்த பாத்திரத்து மேல மத்தியானம் வெரலால கோலம் போடலாமுங்க. உங்க மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்களா?"

பந்தலே சிரித்தது. பின்வரிசையில் குவாரி ஆட்கள் இருந்தார்கள். "ஆத்தா ஆட்டைக் காட்டுக்குள்ள விட வழியில்லைன்னு பேசுதுங்கோ" என்று ஒருத்தன் கத்தினான்.

"ஆமாண்டா, உங்கொப்பன் மேயறதுக்கு எடம் வேணுமே!"

அதற்குப் பிறகு ஊரே எழுந்து சத்தம் போட்டது. கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி அமைதியாகக் கேட்டுவிட்டு, ஜூலை முப்பதாம் தேதி அதே மாடியில் ஒரு முழு நாள் மறுபடி அளக்க வேண்டும், தன் ஆளும் கூட இருப்பார், அந்த அளவை வைத்து முடிவெடுக்கலாம் என்று எழுதச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. பாப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு சரியில்லை, சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஜூலை 20

வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

மிஷின் பொய் சொல்லவில்லை. சேலைக்கு இந்தப் பக்கம் இருந்த காற்றை அது சரியாகத்தான் அளந்தது. என் மகள் விட்ட மூச்சை அளந்தது. அதை ஊர்க் காற்று என்று வாசித்துவிட்டார்கள்.

பௌதிகம் படித்தவள் நான். காற்று அளக்கும் கருவிக்கு முன்னால் எதுவும் மறைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நான் பாப்பாவை மட்டும்தான் பார்த்தேன்.

ஜூலை 22

மயிலக்காவிடம் சொல்லிவிட்டேன். ஆட்டுக்குட்டிக்குப் பால் காட்டிக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். குட்டி குடித்து முடித்ததும் அதை இறக்கிவிட்டார்.

"நாந்தாண்டி ரெண்டு சேலை குடுத்தேன்" என்றார் கடைசியில். பிறகு, "அப்ப அன்னிக்கி ஒரு நாளைக்குக் கட்டாத. ஒரே ஒரு நாளு. அத்தனை நாளு தாங்குன புள்ளை ஒரு நாளுத் தாங்காதா?"

சரி என்றேன்.

ஜூலை 29

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெள்ளகோவிலுக்கு, அம்மா வீட்டுக்கு, இரண்டு நாள் போய்விட்டு வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். நான் இல்லாவிட்டால் மாடி சும்மா கிடக்கும், மிஷின் அளந்துகொள்ளும் என்பது என் கணக்கு.

"போயிட்டு வா" என்றார். செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். "சேலையெல்லாம் நான் கட்டிக்கறேன்."

"எதுக்கு? பாப்பாதான் இங்கே இருக்க மாட்டாளே."

ஊசியைக் கீழே வைத்தார்.

"தண்டபாணி சார் மொத வாரமே பாத்துட்டாரு ஜீவி. 'உன்ற சம்சாரத்துக்கு நல்ல மூளைடா'ன்னாரு. அதுக்கப்பறந்தான் அளக்கற நாளுக்கு மொத நாளு லாரி வந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியாதா?"

குழந்தை எழுந்து அழுதாள். அவரே தூக்கினார். தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொண்டே பேசினார். "குவாரி நின்னா நான் எங்க போவேன்? இந்த நெஞ்சை வெச்சுட்டு எந்தக் கம்பெனியில எடுப்பான்? பத்தாவது படிச்சவனுக்கு வேற என்ன தெரியும்? சொல்லு."

பாப்பாவை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஆனால் வெள்ளகோவிலுக்குப் போகவில்லை. நான் போனால் அவர் கட்டுவார். நான் இருந்தால் கட்ட விட மாட்டேன். பாப்பா இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள், தனியாக அனுப்ப முடியாது. சீட்டு இடைவெளியில் பழைய துணியையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறேன். மருந்து இரண்டு டப்பா வாங்கியாகிவிட்டது.

ஜூலை 31

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

காலை ஆறு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது. அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் டிரம் தண்ணீரை முழுவதும் சாக்கடையில் கவிழ்த்தேன். அவர் நடுவில் வந்து நனைத்துவிடக்கூடாது என்பதற்காக. ஆறு சேலையையும் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அறைக்குள் பாப்பாவோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சீட்டின் கீழே அனல். அதிகாரியின் ஆள் கீழே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

காற்று மேற்கிலிருந்து வீசியது. பத்து மணிக்கே பாப்பாவுக்கு மூக்கு அடைத்தது. ஒரு மணிக்கு வெடி. அடைத்த துணியெல்லாம் ஒன்றுமே இல்லை என்பது போல உள்ளே வந்தது. வெயில் பட்ட இடத்தில் தூசி மினுங்குவது தெரிந்தது. நெபுலைசர் வைத்தேன். சித்த நேரம் அடங்கினாள். மறுபடி ஆரம்பித்தது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

இரண்டு மணிக்கு ஜெரோம் முதல் தாளை எடுத்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுப்புக்கரி தேய்த்தது மாதிரி இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. எழுதித்தான் ஆக வேண்டும். மடியில் அவள் அப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது எனக்குச் சந்தோஷம் வந்தது.

மயிலக்கா வந்து கதவைத் தட்டினார். நெபுலைசர் சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். பாப்பாவைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குடி."

"பஸ்ஸு நாலு மணிக்குத்தானுங்க்கா. மருந்து வெச்சிருக்கேன், அடங்கிரும். இன்னும் ரெண்டு தாளுங்க்கா. மூணையும் சேர்த்துத்தான் கணக்கு. மொதத் தாளு கறுப்பா வந்திருக்குது, பாருங்க, உங்க காடு..."

"சேலை எங்க?"

"வேண்டாங்க்கா."

"எங்கடி வெச்சிருக்கற?"

நான் சாவியைக் கொடுக்கவில்லை. அக்கா கீழே இறங்கிப் போனார். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். காலையில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர், ஆட்டுக்கும் அவருக்கும் இரண்டு நாளைக்கு. தோளில் அவருடைய சேலைகள். மாடியிலேயே குடத்தைக் கவிழ்த்து நனைத்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். ஆமாம், நான்தான் பிடித்தேன். என் குழந்தைக்குக் கட்டுகிற துணியை நானே இழுத்தேன்.

"விடுங்க்கா, இன்னும் கொஞ்ச நேரம்..."

"காடு போனாப் போவுது போ!" கையை உதறிவிட்டார். அழுதார், திட்டினார், இரண்டையும் சேர்த்தே செய்தார். "புத்தி கெட்டவளே, நான் ஒரு நாளுன்னு சொன்னா நீயும் கேட்டுக்குவியா? பெத்தவதானே நீ?"

ஜெரோம் பதறிக்கொண்டு வந்தான். "ஆத்தா, மிஷின் ஓடும்போது எதுவும் மறைக்கக்கூடாது."

"உன்ற மிஷினை எவ தொட்டா? நான் என்ற சேலையைக் காயப் போடறேன். போயி உங்க ஆபீசருகிட்டச் சொல்லு, கெழவி சேலை காயப் போட்டான்னு."

வேப்பமரத்தடி நாற்காலி காலியாக இருந்தது. அந்த ஆள் சாப்பிடப் போயிருந்தார். வந்து பார்த்தபோதும் மாடியில் துணி காய்வதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டு மாடியிலும் துணி காயும்.

கடைசியில் சேலையின் இன்னொரு முனையை நான்தான் இழுத்துக் கட்டினேன். பெட்டியைத் திறந்து என் ஆறு சேலையையும் எடுத்துக் கொடுத்தேன். மிச்சமிருந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் தெளித்தோம். மறுபடி மருந்து வைத்தேன். ஐந்து மணிக்குப் பாப்பாவுக்கு மூச்சு சீரானது. பால் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

அவர் வந்து மாடி ஏறியதும் சேலைகளைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி. "நீயே கட்டிட்டியா" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டாவது தாளை இரவு பத்து மணிக்கும் மூன்றாவதை இன்று காலையிலும் ஜெரோம் எடுத்தான். அவனாகக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14

சராசரி வரம்புக்குள் வந்துவிட்டதாம். கொஞ்சம்தான் உள்ளே. ஆனால் உள்ளே.

செப்டம்பர் 3

பாப்பா நின்றாள். கம்பித் தூணைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமலும் ஒரு கணம்.

அக்டோபர் 10

பர்மிஷன் வந்துவிட்டது. அவர் ஸ்வீட் டப்பா கொண்டுவந்தார், கம்பெனியில் கொடுத்தார்களாம். படி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றார். டப்பாவை யாரும் பிரிக்கவில்லை.

அக்டோபர் 17

திங்கட்கிழமை லாரி வரவில்லை. இன்று வியாழன், இன்றும் வரவில்லை. அவரிடம் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "இனி வராது" என்றார்.

மழையும் இல்லை. தெருக் குழாய்த் தண்ணீர் குடிக்கத்தான் காணும். ஒரு சேலையை மட்டும் நனைத்து ஜன்னலில் கட்டினேன். அரை மணியில் காய்ந்துவிட்டது.

அக்டோபர் 24

இளைப்பு. இரண்டு முறை மருந்து.

சோளக்காட்டு ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த எல்லைக் கல் நட்டுவிட்டார்கள். சங்கு இனி காலையிலும் ஊதும், பகலிலும் ஊதும். மயிலக்கா ஆடுகளை விற்றுவிட்டார். தீபாவளி கழித்து மகன் வீட்டுக்கு, பல்லடத்துக்குப் போகிறார். சொல்லிக்கொள்ள மாடிக்கு வந்தார். பாப்பாவுக்கு முகமூடி வைத்திருந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"மறுக்கா எப்ப வருமாம் அந்த மிஷினு?"

"லீசு முடியறப்பங்க்கா. அஞ்சு வருசம்."

அக்கா பாப்பாவைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். பிறகு அந்த விரல்களாலேயே அவள் பாதத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு, எழுந்து படி இறங்கினார்.